பனி குறைந்தாலும் சாவு, கூடினாலும் சாவு: பென்குயின் கூட்டின் முறைக் கணக்கு

அந்தாட்டிக்காவிலிருந்து வந்த இரண்டு செய்திகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் எவருக்கும் குழப்பம் வரும். முதலாவது 2022ஆம் ஆண்டுக்குரியது. பெலிங்ஸ்ஹவுசன் கடற்பகுதியில் பேரரசப் பென்குயின்கள் குஞ்சு பொரிக்கும் ஐந்து இடங்களில் நான்கில், அந்தப் பருவத்தில் ஒரு குஞ்சும் தப்பியதாகத் தெரியவில்லை. கடற்பனி நேரத்துக்கு முந்தி உடைந்ததே காரணம். இரண்டாவது அதற்குச் சில ஆண்டுகள் முந்தியது. 2016-17 பருவத்தில், பிரெஞ்சு ஆய்வு நிலையமான டுமோன் டுர்வில் அருகே ஏறத்தாழ 18,000 சோடி அடேலிப் பென்குயின்கள் கூடு கட்டின. பருவம் முடியும்போது உயிரோடு நின்றவை இரண்டே இரண்டு குஞ்சுகள். அங்கே காரணம் கடற்பனி கூடிப்போனது.

பனி குறைந்ததால் செத்தன என்கிறது ஒரு செய்தி. கூடியதால் செத்தன என்கிறது மற்றது. இரண்டும் உண்மை. இவற்றோடு கைபேசிகளில் சுற்றும் காணொளிகளும் சேர்ந்துகொள்கின்றன: தாய் கடலுக்குப் போய்விட்டது, தகப்பன் பட்டினியில் நிற்கிறது, கடைசியில் அதுவும் முட்டையைப் போட்டுவிட்டு நடக்கிறது. கீழே பத்துப் பேர் தாயைத் திட்டியிருப்பார்கள், பத்துப் பேர் தகப்பனைத் திட்டியிருப்பார்கள்.

இவற்றை விளங்கிக்கொள்ளக் காலநிலை அறிவியல் முழுவதையும் கற்க வேண்டியதில்லை. பென்குயின் சோடி கூட்டையும் கடலையும் எப்படி முறை வைத்துப் பங்கிடுகிறது என்று தெரிந்தால் போதும். அந்த முறை வன்னி வாசகருக்கு அந்நியமானதும் அல்ல.

காவற்கொட்டிலில் இருந்து தொடங்குவோம்

நெல் கதிர் தள்ளும் காலத்தில் காட்டை ஒட்டிய வயல்களில் காவல் இருப்பார்கள். யானையும் பன்றியும் எந்த நேரமும் இறங்கும். இருவர் பங்குக்கு ஒரு வயல் என்றால், ஒருவர் கொட்டிலில் இருக்க மற்றவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, தூங்கி, சாப்பாட்டுப் பொதியோடு திரும்பி வருவார். வந்த பிறகுதான் முதலாமவர் இறங்கலாம். வர வேண்டியவர் வராவிட்டால் கொட்டிலில் இருப்பவர் படும் பாடு அனுபவித்தவர்களுக்குத் தெரியும். வயிறு ஒரு பக்கம் இழுக்கும், வயல் மறுபக்கம் இழுக்கும்.

இந்த ஏற்பாடு நிலைக்குமா குலையுமா என்பதை மூன்று கேள்விகள் முடிவு செய்கின்றன.

1. காவலில் இருப்பவர் எவ்வளவு நேரம் பசி தாங்குவார்?
2. போனவர் திரும்பி வர எவ்வளவு நேரம் எடுக்கும்?
3. வருபவர் எவ்வளவு கொண்டுவருவார்?

பென்குயின் கூட்டின் கணக்கும் இந்த மூன்றுதான். உலகில் உள்ள 18 பென்குயின் இனங்களும் இந்த மூன்று எண்களை வெவ்வேறு விதமாக மாற்றிப் போட்டு வாழ்கின்றன.

கட்டுரையில் திரும்பத் திரும்ப வரும் சில சொற்களை இங்கேயே சொல்லிவிடலாம். ஒரு பறவை தொடர்ச்சியாகக் கூட்டில் இருக்கும் காலம் முறை. சோடி வந்து பொறுப்பேற்பது முறை மாற்றம். குஞ்சு பொரித்த பின், பெற்றோரில் ஒன்று எப்போதும் பக்கத்தில் நிற்கும் நாட்கள் காவற்காலம். அது முடிந்ததும் குஞ்சுகளை ஒன்றாகத் திரளவிட்டுப் பெற்றோர் இரண்டும் கடலுக்குப் போகும். அந்தத் திரளைக் குஞ்சுப் பட்டி என்று சொல்லலாம். ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டி போலத்தான். எங்கே இரை தேடினாலும் ஒரே இடத்துக்குத் திரும்பியாக வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு தேடுவது மைய இரைதேடல். கயிற்றில் கட்டிய மாடு முளையைச் சுற்றி மேய்வதைப் போன்றது அது. பென்குயினுக்குக் கூடுதான் முளை. கயிற்றின் நீளத்தைத் தீர்மானிப்பது பசி.

குளத்துக் கொக்கும் தென் கடல் பென்குயினும்

மாரியில் குளங்கள் நிரம்பியதும் வன்னியின் நீர்ப்பறவைகளும் இதையே செய்கின்றன. கட்டுக்கரைக் குளத்திலும் வவுனிக்குளத்திலும் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களைச் சற்றுப் பொறுமையோடு பார்த்தால் போதும். சங்குவளை நாரை ஒன்று அலகில் குச்சியோடு வந்து இறங்கும். கூட்டில் இருந்தது எழுந்து அலகைப் படபடவென்று தட்டும். இரண்டும் தலையைத் தாழ்த்தி நிமிர்த்தும். குச்சியைக் கூட்டில் செருகிய பின் ஒன்று உட்காரும், மற்றது பறக்கும். குஞ்சு பொரித்த பிறகு வெயில் ஏறும் நேரத்தில் பெற்றோரில் ஒன்று சிறகை விரித்து நிழல் பிடித்து நிற்பதையும் காணலாம். அந்தாட்டிக்காவில் குஞ்சைக் குளிரிலிருந்து மறைக்க வேண்டும், இங்கே வெயிலிலிருந்து. காவல் என்பது இரண்டு இடத்திலும் காவல்தான்.

வேறுபாடு போக்குவரத்தில் இருக்கிறது. நாரைக்கு வெப்பக் காற்று கிடைத்தால் சிறகை அசைக்காமலே பக்கத்து வயலுக்குப் போய் வந்துவிடும். ஒரு குளம் வற்றினால் அடுத்த குளம். பென்குயினால் பறக்க முடியாது. நீருக்குள் அது வழமையாக நீந்தும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு மீற்றர், அதாவது மணிக்கு ஏழு கிலோமீற்றர் சொச்சம். துரத்தும்போது இதைவிட விரைவாகப் பாயும். ஆனால் நெடும் பயணத்துக்கு இந்த வேகம்தான். பனியில் நடக்க நேர்ந்தால் மணிக்கு இரண்டு மூன்று கிலோமீற்றர்.

இதை நம்முடைய தூரத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். பஸ்ஸில் மூன்று மணி நேரச் சொச்சம். அதே தூரத்தை ஒரு பென்குயின் ஓய்வில்லாமல் நீந்தினால் ஒரு பக்கத்துக்கே 20 மணி நேரம். இரை தேடும் நேரமும் திரும்பும் நேரமும் தனி. இரை இருக்கும் இடம் சற்றுத் தள்ளிப்போனாலே முறை மாற்றம் நாட்கணக்கில் பிந்துவது இதனால்தான்.

அடேலி: கல்லும் கணவன் மனைவியும்

அடேலி நான்கைந்து கிலோ எடையுள்ள பறவை. 1840இல் அந்தக் கரையை அடைந்த பிரெஞ்சுக் கப்பல் தலைவர் டுமோன் டுர்வில் தன் மனைவி அடேலின் பெயரை அந்த நிலத்துக்கு வைத்தார். பறவைக்கும் அதுவே நிலைத்துவிட்டது. மனைவியை ஆண்டுக்கணக்கில் வீட்டில் விட்டுவிட்டுக் கடலோடியவர், முறை தவறாமல் வீடு திரும்பும் பறவைக்கு அந்தப் பெயர் கிடைக்கக் காரணமானது சற்று வேடிக்கைதான்.

இதன் கூடு சிறு கற்களால் ஆனது. புல்லும் குச்சியும் அங்கே கிடையாது. கல் அழகுக்கு அல்ல: பனி உருகி ஓடும் நீர் முட்டையை நனைத்தால் கரு குளிரில் செத்துவிடும், ஆகவே முட்டை தரையிலிருந்து சற்று உயர்ந்திருக்க வேண்டும். நல்ல கல் தட்டுப்பாடான பொருள். அயல் கூட்டுக்காரர் மறுபக்கம் பார்க்கும் நொடியில் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அங்கே அன்றாட நடப்பு. திருடியது தன் கூட்டில் கல்லை வைத்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போகும்போது, அந்தக் கூட்டில் இருந்து இன்னொன்று தூக்கிக்கொண்டு போகும்.

கோடை நெருங்கும் ஒக்டோபரில் ஆண்கள் முதலில் வந்து இடம் பிடிக்கும். பெண் வந்து சேர்ந்து, நவம்பரில் சில நாள் இடைவெளியில் இரண்டு முட்டை இடும். அதுவரை இரண்டுமே பட்டினி. முட்டை உருவாக்கிய களைப்பு பெண்ணுக்கு அதிகம் என்பதால் முதல் முறையை ஆண் எடுத்துக்கொள்ளும், பெண் கடலுக்குப் போகும். இந்த முதல் முறை ஏறத்தாழ இரண்டு வாரம். வந்து இறங்கிய நாளிலிருந்து எண்ணினால் ஆண் ஐந்து வாரம் வரை ஒரு வாய் உணவு இல்லாமல் நின்றிருக்கும். பெண் திரும்பியதும் அது கடலுக்கு ஓடும். அடுத்த நீண்ட முறை பெண்ணுடையது. அடைகாப்பு மொத்தம் ஐந்து வாரம். முட்டை பொரிக்கும் நாள் நெருங்க நெருங்க முறைகள் குறுகும். குஞ்சு வந்த பின் ஓரிரு நாளுக்கு ஒரு தடவை மாற்றம்.

முறை மாற்றத்தை அருகில் நின்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். கடலில் இருந்து வந்தது நெருக்கமான கூடுகளுக்கிடையே ஓடும். வழியில் உள்ளவை எல்லாம் கொத்தும், சிறகால் அடிக்கும். தன் கூட்டடியில் நின்று அது கழுத்தை நீட்டிக் குரல் கொடுக்கும். கூட்டில் இருப்பது அதற்கு மேல் குரல் எழுப்பும். இரண்டும் நெஞ்சோடு நெஞ்சு நின்று தலையை இடமும் வலமும் ஆட்டும். பிறகு இருந்தது மெல்ல எழுந்து பின்வாங்க, வந்தது கால்களை முட்டையின் இருபுறமும் வைத்து, வயிற்றை இறக்கி, ஒரு தடவை குலுக்கி உட்காரும். விடுபட்டது உடனே போய்விடுவதில்லை. பக்கத்தில் இருந்து ஒன்றிரண்டு கல் எடுத்து வந்து கூட்டோரத்தில் வைத்துவிட்டுத்தான் போகும். இரண்டு வாரம் சாப்பிடாத பறவை அது.

முட்டை ஒரு சில நொடி கூடத் திறந்து கிடக்கக் கூடாது. ஸ்குவா என்ற கடற்பறவை, பருந்தின் குணமுள்ளது, இந்த நொடிக்காகவே மேலே வட்டமிட்டுக்கொண்டிருக்கும்.

ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு முறை

இரை கிடைக்கும் இடம் தூரமாக ஆக முறை நீளும் என்பதுதான் பொது விதி. உதாரணங்கள் இதைக் காட்டும்.

1. ஜென்ரூ. கரையோரமாகவே இரை தேடும். ஏறத்தாழ நாளுக்கு ஒரு முறை மாற்றம். நம்மூர்க் காவற்கொட்டில் போலவே.

2. குட்டிப் பென்குயின். ஒரு கிலோ எடை. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வாழும். குஞ்சு சிறிதாக இருக்கையில் விடியுமுன் போய் இருட்டியதும் கரையேறிப் பொந்துக்குள் புகும். மெல்பேர்னுக்கு அருகில் உள்ள பிலிப் தீவில் இந்த மாலைக் கரையேற்றத்தைப் பார்க்க டிக்கெட் எடுத்து உட்காருகிறார்கள்.

3. கொண்டைப் பென்குயின்கள். இவற்றின் பங்கீடு வேறு மாதிரி. காவற்காலம் முழுவதும் ஆண் கூட்டில் பட்டினி நிற்கும், பெண் மட்டுமே கடலுக்குப் போய்க் குஞ்சுக்கு ஊட்டும். இரண்டு முட்டை இட்டாலும் முதலாவது சிறியது. அது பெரும்பாலும் பிழைப்பதில்லை. இரண்டு குஞ்சை வளர்க்க இந்த ஏற்பாட்டில் இடமில்லை.

4. அரசப் பென்குயின். இதுதான் சற்று நின்று பார்க்க வேண்டியது.

அரசப் பென்குயினுக்கு ஒரே முட்டை. கூடு இல்லை, முட்டையைப் பாதத்தின் மேல் வைத்து வயிற்றுத் தோல் மடிப்பால் மூடி நிற்கும். அடைகாப்பு 54 நாள், முறை ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வாரம். இந்து சமுத்திரத்தின் தென்கோடியில் உள்ள குரோசே தீவுகளில் வாழ்பவை, குளிர்நீரும் வெதுநீரும் சந்திக்கும் எல்லைக்குப் போய்த்தான் இரை பிடிக்கின்றன. அந்த எல்லை தீவிலிருந்து 300 முதல் 500 கிலோமீற்றர் தெற்கே இருக்கிறது. வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் போய்த் திரும்பும் தூரத்தை விட ஒரு பக்கமே அதிகம்.

கடைசி முறையில் பெரும்பாலும் ஆண் நிற்கும். அது நிற்கையிலேயே குஞ்சு பொரித்துவிட்டால்? பெண் உணவோடு சரியாக அந்த நாளில் வந்தால் நல்லது. எல்லை நீர் தெற்கே நகர்ந்த ஆண்டில் அவள் ஒரு வாரம் பிந்தலாம். இதற்கு ஆணிடம் ஒரு முன்னேற்பாடு உண்டு. கடலில் கடைசியாகத் தின்ற மீனைச் செரிக்காமல் வயிற்றிலேயே மூன்று வாரம் வரை வைத்திருக்கும். உடல் வெப்பம் 37, 38 பாகை. அந்தச் சூட்டில் மீன் ஒரு நாளில் அழுக வேண்டும். அழுகுவதில்லை. நுண்ணுயிர்களைக் கொல்லும் புரதப் பொருள் ஒன்று அதன் வயிற்றில் இருப்பதைக் குரோசேயில் வேலை செய்த பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். தான் பட்டினி, வயிற்றில் மீன், அது பிள்ளைக்கு. காவற்கொட்டிலில் இருப்பவர் மடியில் சோற்றுப் பொதியை வைத்துக்கொண்டு மூன்று வாரம் அவிழ்க்காமல் இருப்பதற்குச் சமம் இது.

5. பேரரசப் பென்குயின். எல்லா எண்களும் உச்சத்தில் நிற்கும் இனம். இது முட்டையிடுவது குளிர்காலத் தொடக்கத்தில், மே மாதமளவில், கடல் மேல் உறைந்த பனியில். பெண் முட்டையை ஆணின் பாதத்துக்கு உருட்டி மாற்றும். அந்த மாற்றத்தில் முட்டை பனியில் சற்று நேரம் கிடந்துவிட்டால் உறைந்துபோகும். பிறகு பெண் கடலுக்கு நடந்துவிடும். அடைகாப்பு ஏறத்தாழ 65 நாள் முழுவதும் ஒரே முறை, ஆணின் முறை. காதல் காலத்தையும் சேர்த்தால் ஆண் சாப்பிடாத நாட்கள் 115 வரை போகும். எடையில் ஐந்தில் இரண்டு பங்கு கரைந்துவிடும்.

அந்த இருட்டிலும் குளிரிலும் ஆண்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்று திரளாகும். திரளின் நடுவில் வெப்பம் 37 பாகை வரை ஏறியதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள், வெளியே பூச்சியத்துக்குக் கீழ் பல பத்துப் பாகை இருக்கும்போது. கூடு இல்லாததால்தான் இது முடிகிறது: கூடு வைத்திருக்கும் பறவை அயலவரைக் கொத்தித் துரத்தும், முட்டையைக் காலில் வைத்திருக்கும் பறவைக்குக் காக்க நிலம் இல்லை. பெண் திரும்புவதற்கு முன் குஞ்சு பொரித்துவிட்டால், ஆண் தன் உணவுக்குழாயில் சுரக்கும் தயிர் போன்ற ஒன்றைச் சில நாள் ஊட்டும். மாதக்கணக்கில் உண்ணாத உடலில் இருந்து வரும் உணவு.

கூட்டில் இருப்பது ஓய்வா?

கடலுக்குப் போனது உழைக்கிறது, கூட்டில் இருப்பது சும்மா இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். வீட்டு வேலை பற்றியும் சிலருக்கு இதே கருத்துத்தான். 2023இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல பதில். கிங் ஜோர்ஜ் தீவில் கூட்டில் இருந்த தாடைக்கோட்டுப் பென்குயின்களின் மூளை அலையைக் கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். அவை நீளத் தூங்குவதே இல்லை. சராசரி நான்கு விநாடி கண்ணயர்கின்றன, விழிக்கின்றன, மறுபடி அயர்கின்றன. நாளுக்குப் பத்தாயிரத்துக்கும் அதிகமான தடவை. கூட்டிப் பார்த்தால் 11 மணி நேரத் தூக்கம் சேர்ந்துவிடுகிறது.

அதே ஆய்வில் இன்னொன்று. ஸ்குவா வருவது ஓரத்தில் இருந்து. ஆகவே ஓரத்துக் கூடுகளில் தூக்கம் கெட வேண்டும். கிடைத்த முடிவு எதிர்மாறானது. நடுவில் இருந்தவைதான் மோசமாகத் தூங்கின. எதிரியை விட அயலவரின் சத்தமும் சண்டையும் பெரிய தொல்லை போலும்.

சோடி வராவிட்டால்

இப்போது அந்தக் காணொளிக்கு வருவோம். முட்டையைப் போட்டுவிட்டுப் போகும் பறவை என்ன செய்கிறது?

பட்டினியில் உடல் ஒரு வரிசையில் எரிகிறது. முதல் சில நாள் சரிக்கட்டும் காலம். அடுத்தது நீண்ட காலம். இதில் பெரும்பாலும் கொழுப்பு மட்டும் எரியும், பறவை அமைதியாக நிற்கும். மூன்றாவது கட்டத்தில் கொழுப்பு ஓர் எல்லைக்குக் கீழே போய்விட, உடல் தசையை உடைக்கத் தொடங்கும். அந்த இடத்தில் இரத்தத்தில் ஒரு சுரப்பு ஏறுகிறது. பறவை அமைதி இழக்கிறது. இன்னும் தாமதித்தால் கடல்வரை போகவே தெம்பு இருக்காது. அப்போதுதான் அது எழுந்து நடக்கிறது.

பென்குயின் இருபது ஆண்டு வாழக்கூடிய பறவை. இந்த முட்டையோடு தானும் செத்தால் எல்லாம் முடிந்தது. தான் பிழைத்தால் அடுத்த ஆண்டு ஒரு முட்டை. பறவை இப்படி யோசித்துப் பார்த்து முடிவெடுப்பதாகச் சொல்லவில்லை. அந்த எல்லையில் எழுந்து போன பறவைகளின் பரம்பரைதான் இன்று நம் முன் நிற்கிறது என்றுதான் சொல்கிறோம். ஆகவே அந்தக் காணொளியில் குற்றவாளி இல்லை. போன சோடி, பென்குயினைப் பிடித்துத் தின்னும் சீல் வகையான கடற்சிறுத்தையின் வாயில் போயிருக்கலாம், அல்லது இரை தூரப் போனதால் பிந்தியிருக்கலாம். காத்திருந்தது தன்னால் முடிந்த கடைசி நாள்வரை காத்திருந்தது.

பட்டியில் சொந்தக் குஞ்சைக் கண்டுபிடிப்பது

குஞ்சு வளர வளரப் பசி கூடும். ஒரு கட்டத்தில் பெற்றோரில் ஒன்று மட்டும் கொண்டுவருவது போதாது. அடேலியில் இது பொரித்து மூன்று வாரமளவில் வரும். இரண்டும் கடலுக்குப் போக, குஞ்சுகள் பட்டியாகத் திரளும்.

திரும்பிய பெற்றோர் பழைய கூட்டடிக்கு வந்து கூப்பிடும். சொந்தக் குஞ்சுகளோடு அயல் குஞ்சுகளும் ஓடிவரும். உடனே ஊட்டாது. திரும்பி ஓடத் தொடங்கும். குஞ்சுகள் பின்னால் விழுந்து எழும்பி ஓடும். அயல் குஞ்சு கொஞ்சத் தூரத்தில் நின்றுவிடும். சொந்தக் குஞ்சு இரண்டும் ஓடினால் பசி கூடியது முந்தும், அதற்கு முதல் வாய். பந்தியில் இடம் பிடிக்கும் பிள்ளைகளை நினைவூட்டும் காட்சி இது.

கூடு உள்ள இனங்களுக்குக் குரலோடு இடமும் அடையாளம். கூடே இல்லாத அரச, பேரரசப் பென்குயின்களுக்குக் குரல் ஒன்றுதான் கதி. பறவையின் குரற்பெட்டி மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருப்பதால், இந்த இரண்டு இனங்களும் ஒரே நேரத்தில் இரண்டு சுரம் எழுப்புகின்றன. இரண்டு சுரமும் உரசும்போது எழும் துடிப்பு ஆளுக்கு ஆள் வேறு. ஆயிரக்கணக்கான குரல்களுக்குள் குஞ்சு தன் தகப்பனின் துடிப்பைப் பிரித்தெடுத்துவிடும். நாதஸ்வரக் கச்சேரியில் இரண்டு குழல் சற்று மாறினால் காதில் ஒரு அதிர்வு தெரியுமே, அதுதான் அங்கே பெயர்.

இனிச் செய்திக்குத் திரும்பலாம்

முறை எங்கே முறியும் என்று இப்போது பிரித்துப் பார்க்கலாம்.

1. கொட்டிலே விழுந்தால். பேரரசப் பென்குயினுக்குக் கடற்பனிதான் தரை. ஏப்ரல் அளவில் பிடித்த பனி, குஞ்சுகள் நீர்புகா இறகு பெறும் டிசம்பர், ஜனவரி வரை நிற்க வேண்டும். 2022இல் பெலிங்ஸ்ஹவுசனில் அது அதற்கு முந்தியே உடைந்தது. பெற்றோர் முறை தவறவில்லை, கடலில் இரையும் இருந்திருக்கும். ஆனால் குஞ்சின் மேல் இருந்தது பஞ்சு போன்ற தூவி. அது நனைந்தால் குளிரைத் தாங்காது. இது இரைதேடலின் தோல்வி அல்ல, தரையின் தோல்வி.

2. வழி நீண்டால். அடேலி பாறைத் தரையில் கூடு கட்டும் பறவை. அதற்குப் பனி தரை அல்ல, வழி. டுமோன் டுர்வில் அருகே 2016-17இல் கடற்பனி கோடையிலும் விலகாமல் நின்றது. திறந்த நீரை அடைய அவை வழமையை விட ஏறத்தாழ 100 கிலோமீற்றர் கூடுதலாகப் போக வேண்டியிருந்தது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குப் போவதை விடத் தூரம். பனியில் நடை வேகத்தை மேலே பார்த்தோம். பெருக்கிப் பார்த்தால் குஞ்சு ஏன் பட்டினியில் செத்தது என்று கணக்கே சொல்லும்.

இரண்டு செய்திகளுக்கும் முரண்பாடு இல்லாமற் போவது இங்கேதான். ஒரே பனி ஒன்றுக்குத் தரை, மற்றதற்குத் தடை. அந்தாட்டிக்காவில் ஒரு கரையில் பனி நிற்பதற்கும் இன்னொரு கரையில் உடைவதற்கும் காற்று, நீரோட்டம், உடைந்து வந்து குறுக்கே நிற்கும் பனிமலை என்று உள்ளூர்க் காரணங்கள் உண்டு. ஆகவே “பனி கூடியும் செத்திருக்கின்றனவே, அப்படியானால் வெப்பமடைதல் பொய்யா?” என்று கேட்பவர், மாரியில் ஒரு குளம் உடைத்ததை வைத்து வரட்சியே இல்லை என்று வாதாடுபவர் போன்றவர்.

3. இரையை வேறு எவரும் எடுத்தால். இது பனியே இல்லாத இடத்துக் கதை. நமக்கு மிகவும் நெருக்கமானதும் இதுதான்.

ஆபிரிக்கப் பென்குயினும் சுருக்குவலையும்

தென்னாபிரிக்காவிலும் நமீபியாவிலும் வாழும் ஆபிரிக்கப் பென்குயின் 2024 ஒக்டோபரில் “மிக மோசமான அழிவாபத்து” என்ற பிரிவுக்கு மாற்றப்பட்டது. எஞ்சியிருப்பவை பத்தாயிரம் சோடிக்கும் குறைவு. ஒரு காலத்தில் தீவுகளில் மீற்றர்க்கணக்கில் படிந்திருந்த எச்சத்தில் குடைந்து கூடு கட்டிய பறவை இது. 19ஆம் நூற்றாண்டில் அந்த எச்சத்தை உரத்துக்காகச் சுரண்டி ஏற்றினார்கள். முட்டைகளையும் கூடை கூடையாக எடுத்தார்கள். இன்றைய சிக்கல் உணவு. இவை தின்பது சூடை, நெத்தலி வகைகள். அதே மீனைச் சுருக்குவலைப் படகுகளும் தேடுகின்றன. முல்லைத்தீவுக் கரையில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் எழுத வேண்டியதில்லை.

இங்கே முறை நாளுக்கு ஒன்று, இரண்டு நாளுக்கு ஒன்று என்ற அளவில்தான். குஞ்சுக் காலத்தில் கூட்டிலிருந்து இருபது முப்பது கிலோமீற்றருக்குள் போய் வந்தால்தான் கணக்கு ஒத்துவரும். கடல் முழுவதிலும் மீன் எவ்வளவு இருக்கிறது என்பதல்ல பறவைக்குக் கேள்வி. கயிற்று நீளத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதுதான். நூறு கிலோமீற்றருக்கு அப்பால் மீன் கொட்டிக் கிடந்தாலும் அது குஞ்சின் வாய்க்கு வராது. மீனவர் படகு எந்திரத்தை முடுக்கி அங்கே போகலாம், எரிபொருட் செலவு கூடும், அவ்வளவுதான். அந்தச் செலவு யார் தலையில் என்பது நியாயமான கேள்வி. சிறு படகுக்காரருக்கும் பெரும் கம்பனிக்கும் அது ஒன்றாக விழுவதில்லை என்பது நமக்கும் தெரியும்.

நெல்சன் மண்டேலாவைச் சிறை வைத்திருந்த றொபன் தீவும் இந்தப் பென்குயின்களின் கூட்டிடம். அதைப் போன்ற சில தீவுகளைச் சுற்றி 2008இலிருந்து மாற்றி மாற்றி 20 கிலோமீற்றர் வட்டத்தில் மீன்பிடியை மூடியும் திறந்தும் சோதித்தார்கள். பின்னர் எழுந்த வழக்கின் மையம், மூடுவதா வேண்டாமா என்பது மட்டுமல்ல. மூடிய இடம் சரியான இடமா என்பதே. அரசு அறிவித்த இடைக்கால எல்லைகள், பறவைகள் உண்மையில் இரை தேடும் நீரில் பெரும் பகுதியை வெளியே விட்டிருந்தன என்று பறவைப் பாதுகாப்பு அமைப்புகள் வாதிட்டன. 2025 மார்ச்சில் இந்த அமைப்புகளும் மீன்பிடித் தொழில் தரப்பும் ஓர் இணக்கத்துக்கு வந்து, அது நீதிமன்றக் கட்டளையானது. ஆறு கூட்டிடங்களைச் சுற்றிச் சூடைக்கும் நெத்தலிக்குமான மீன்பிடி எல்லைகள் மறுபடி வரையப்பட்டன. வரைவதற்கு ஆதாரமாக இருந்தவற்றில் முக்கியமானவை, குஞ்சுக்கு இரை கொண்டுவந்த பென்குயின்களின் முதுகில் ஒட்டி அனுப்பிய சிறு கருவிகள் பதிந்துகொண்டு வந்த பாதைகள்.